நாலரைக் கட்டையில் பழனியம்மாள்

பழனியம்மாள் அக்காவைப் பற்றி எழுதுகிறேன். இடையிடையே நானும் வருவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். அவருடைய நாற்பத்து மூன்று வருட வாழ்க்கையில் என் பங்கு, இரண்டு வருடம் கூடப் படித்தும், ஒரு தேர்வின் இருபத்தைந்து நிமிடம்தான். ஆனால் அந்த இருபத்தைந்து நிமிடத்தில் அவருக்குக் கிடைக்க இருந்த வேலையைக் கெடுக்கப் பார்த்தேன். அதனால் என்னை விட்டுவிட்டு எழுத முடியவில்லை.

அக்காவுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமம். பத்தாவதில் கணக்கில் போய்விட்டது. பத்தொன்பது வயதில் கல்யாணம். வீட்டுக்காரர் கேரளாவுக்குக் காய்கறி லோடு ஏற்றிப் போகும் லாரி டிரைவர், வாரத்தில் பாதி நாள் பாலக்காட்டிலோ திருச்சூரிலோ இருப்பார். அக்கா மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பதினேழு வருடம் அதே கடை, அதே மூலை. முன்னால் மலைபோலக் கொட்டிவைப்பார்கள். குத்தவைத்து உட்கார்ந்து, கெட்டியானதை ஒரு பெட்டியிலும் பழுத்ததை இன்னொன்றிலும் போட்டு, சொத்தையைப் பின்னால் எறிய வேண்டும். கண் பார்ப்பதற்கு முன்னால் கை பார்த்துவிடும் என்பார். அவருக்குத் தக்காளி பிடிக்காது. அவர் வீட்டு ரசம் புளியில்தான்.

தரம் பிரிக்காத நேரத்தில் பாடுவார். தை மாதம் பழனிக்கு நடந்து போகிறவர்களோடு வருடா வருடம் நடப்பார். அந்தக் கூட்டத்துக்கு வழிநடைப் பாட்டு அவர்தான். அந்தப் பாட்டுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. முன்னால் போகிறவர் ஓர் அடி பாடுவார், பின்னால் வருகிறவர்கள் அதைத் திருப்பிப் பாட வேண்டும். திருப்பிப் பாடாவிட்டால் அடுத்த அடி வராது. கால் நடந்துகொண்டே இருக்கும், பாட்டு மட்டும் நின்றுவிடும். எத்தனை தூரமானாலும் அக்கா காத்திருப்பாராம். ஒருமுறை சத்திரப்பட்டியைத் தாண்டும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லையாம், அவரும் திறக்கவில்லையாம்.

ஒட்டன்சத்திரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் தாளாளர் அந்தக் கூட்டத்தில் ஒருமுறை நடந்திருக்கிறார். "எங்க ஸ்கூலுக்குப் பாட்டு டீச்சரா வாங்களேன்" என்றவர், மறுநாளே "ஆனா கையில ஒரு டிப்ளமா இருந்தாத்தான் நான் போட முடியும்" என்றும் சொல்லியிருக்கிறார். டிப்ளமா படிக்கப் பத்தாவது வேண்டும். பத்தாவதுக்குக் கணக்கு வேண்டும். மகள் தேவதர்ஷினி பத்தாவது எழுதிய அதே வருடம் அக்காவும் தனித்தேர்வராகக் கணக்கு எழுதிப் பாஸானார். மகளைவிட ஐந்து மார்க் கூடுதல் என்று அவர் சொல்வார். மகள் ஒப்புக்கொள்வதில்லை.

அப்படித்தான் அவர் எங்கள் இசைப்புலத்துக்கு வந்து சேர்ந்தார்.

இசைப்புலம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அரசுப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் கடைசிக் கட்டடம் எங்களுடையது. அதற்கப்பால் வேலி, வேலிக்கப்பால் ஆடுகள். முன்பு அது பல்கலைக்கழக பஸ்கள் நின்ற ஷெட். தரையில் மஞ்சள் கோடுகளும் எண்களும் இன்னும் அழியவில்லை. மூன்றாம் எண்ணில் மிருதங்கம், நான்கில் வாய்ப்பாட்டு, ஐந்தில் நாங்கள், கீபோர்டு. மூன்று வருடப் பட்டப்படிப்பு உண்டு, மூன்று மாதச் சான்றிதழ் உண்டு. நடுவில் சனி, ஞாயிறு மட்டும் நடக்கும் இரண்டு வருடப் பட்டயம். வேலைக்குப் போகிறவர்களும் என்னைப் போல என்ன செய்வதென்று தெரியாதவர்களும் சேர்வது அதில்தான். அக்கா நாட்டுப்புற இசை, நான் கீபோர்டு.

இனி என்னைப் பற்றி. நான் வினோலியா. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, அடுத்தது என்ன என்று கேட்பவர்களிடம் மியூசிக் என்று சொல்லத் தொடங்கியவள். ஐந்தாவதுவரை தமிழ் வழியும் அதன்பிறகு கான்வென்ட்டில் ஆங்கில வழியும் படித்தேன். இரண்டு மொழியிலும் பேசுவதில்லை. பேசாமல் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பது எங்கள் ஊர்க்காரர்களின் பெருந்தன்மை. அதை நம்பித்தான் என் பிழைப்பு ஓடியது.

ஒன்பதாவது படிக்கும்போதே எங்கள் பங்குக் கோயிலில் கீபோர்டு வாசிக்கத் தொடங்கிவிட்டேன். கற்றுக்கொடுத்தது அண்ணன் ஸ்டீபன்ராஜ். அவன் சொன்ன பாடம் ஒரே நாளில் முடிந்தது. "வெள்ளைக் கீ மட்டும் பழகு. பாடறவங்க மேல போனா இந்தப் பட்டனை அமுக்கு, கீழ வந்தா அந்தப் பட்டனை அமுக்கு. கறுப்பு பக்கம் போகாத, அது பெரிய ஆளுங்களுக்கு."

அது சுருதியை மாற்றும் பட்டன். பாடுகிறவர் தன் 'ச'வை எந்த உயரத்தில் பிடிக்கிறாரோ அதைக் கட்டை என்பார்கள். பெரும்பாலான பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. எனக்குத் தெரிந்ததோ ஒன்றாம் கட்டை. பட்டனை நான்கு தடவை கீழ்ப்பக்கம் அமுக்கினால் என் ஒன்றாம் கட்டை ஐந்தரையாக வெளியே வரும். விரல் அதே வெள்ளைக் கீயில் அதே இடத்தில் நடக்கும். பூசைக்கு வந்தவர்கள் என்னை மெச்சினார்கள். நானும் என்னை மெச்சிக்கொண்டேன்.

இசைப்புலத்தின் பாடத்திட்டத்தில் பன்னிரண்டு கட்டையும் இருந்தன. ஏற்ற இறக்கம் வாசிக்கச் சொன்னால் எல்லாவற்றிலும் ஏறி இறங்கிக் காட்டுவேன். ஆனால் ஏறி இறங்குவது வேறு, அங்கே குடியிருப்பது வேறு. கீபோர்டு வகுப்பில் எல்லோரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிப்போம். யார் பட்டனை அமுக்குகிறார்கள், யார் நிஜமாக வாசிக்கிறார்கள் என்பது அவரவர் மனசாட்சிக்குத்தான் தெரியும்.

பட்டயத்தில் ஒரு முறை உண்டு. பாடுகிறவர் ஒவ்வொருவருக்கும் வாத்தியம் படிக்கும் ஒருவர் ஜோடி. முதல் வாரத்தில் குலுக்கிப் போட்டால் இரண்டு வருடமும் அதே ஜோடிதான். கடைசித் தேர்வில் பாடுகிறவருக்குப் பாட்டு மார்க், வாசிக்கிறவருக்குப் பக்கவாத்திய மார்க். ஜோடி இல்லாமல் தேர்வு இல்லை. அலுவலகக் கண்காணிப்பாளர் இஷாக் சார் தன் டிபன் பாக்ஸைக் கழுவி, துடைத்து, சீட்டுப் போட்டுக் குலுக்கினார். எனக்கு வந்த சீட்டில் லேசாக லெமன் சாதத்தின் மஞ்சள். உள்ளே பழனியம்மாள்.

"ஏனுங்க அம்மிணி, ரொம்ப அமைதியா இருக்கீங்க. நல்லா வாசிப்பீங்களாட்டம்?" என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

சிரித்தேன். இரண்டு வருடமும் அந்தச் சிரிப்பைத்தான் பதிலாக வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பழனி–திண்டுக்கல் பஸ்ஸில் வருவார். விரல் இடுக்கில் தக்காளிக் காம்பின் பச்சைக் கறை இருக்கும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாதாம். ஐந்தரைக் கட்டையில் கணீரென்று பாடுவார். நான் நான்கு தடவை பட்டனை அமுக்கிவிட்டு வெள்ளையில் உலவுவேன். அவர் சொந்தமாகக் கட்டிய வழிநடைப் பாட்டுதான் தேர்வுக்கு முக்கியப் பாட்டு.

கல்லு குத்தினா என்ன, நட காலே, நட.
வெயிலு சுட்டா என்ன, நட காலே, நட.

இப்படியே போகும். கூட்டம் திருப்பிப் பாடும் இடத்தில் நான் கீபோர்டில் அந்த அடியைத் திருப்பி வாசிப்பேன். "ஊரே பின்னால வர்றாப்பல இருக்குதுங்க" என்பார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஒருநாள் வேலியோரம் உட்கார்ந்து சாப்பிடும்போது கேட்டேன். "டீச்சர் வேலைக்கு ஏன்க்கா இவ்வளவு பாடுபடுறீங்க?"

"முட்டி போயிருச்சுங்க அம்மிணி. குத்தவெச்சுக் குத்தவெச்சு, எந்திரிக்கறப்ப டப்புடப்புங்குது. நாற்காலியில உக்காந்து செய்யற வேலை ஒண்ணு வேணும்." சோற்றை உருட்டி ஒரு வாய் போட்டுக்கொண்டார். "அப்புறம், பதினேழு வருசமா என்னய அந்தக் கடையில 'ஏ தக்காளி'ன்னுதான் கூப்பிடறாங்க. ஒரு தடவை 'டீச்சர்'னு கூப்பிட்டாத் தேவலை."

ஜூனில் பள்ளி திறக்கும்போது டிப்ளமா கையில் இருந்தால் அந்த நாற்காலி அவருக்கு. இல்லாவிட்டால் தாளாளரின் கொழுந்தியாள் காத்திருந்தார். பாட்டு வராது, ஆனால் டிப்ளமா இருந்தது.

இரண்டு மொழி தெரிந்தவள் என்பதால் இசைப்புலத்தின் அறிவிப்புகளையெல்லாம் ஆங்கிலத்திலிருந்து தமிழில் எழுதித் தருவது என் வேலையாகியிருந்தது. சம்பளம் கிடையாது, டீ உண்டு. பிப்ரவரி கடைசியில் இஷாக் சார் கூப்பிட்டார்.

"வினோலியா, செத்த இங்க வாம்மா. போன வருஷம் பரீட்சை நடுவுல கரண்ட் போயி நாப்பது நிமிஷம் எல்லாரும் மொகத்த மொகத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்கள்ல? அதுக்காவ புது ரூல் போட்டிருக்காக. நல்ல தமிழ்ல எழுதிக் குடு."

நல்ல தமிழில் எழுதினேன். 'கீபோர்டுக்குப் பதிலாக இசைப்புலத்தின் ஆர்மோனியம் மட்டுமே அனுமதிக்கப்படும். மின்னணு இசைக்கருவிகள் அனுமதிக்கப்படமாட்டா.' 'மாட்டா'வா 'மாட்டாது'வா என்று பத்து நிமிடம் யோசித்தேன். நேராக அச்செடுத்து, நேராக ஒட்டி, இரண்டடி பின்னால் போய் நின்று கோணல் இல்லையே என்று பார்த்தேன். அப்போதுதான் மண்டையில் ஏறியது. ஆர்மோனியத்தில் பட்டன் கிடையாது.

அக்கா வந்து வாசித்தார். ஒரு விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்து மெதுவாக வாசிப்பார்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ஏனுங்க அம்மிணி, நீங்க ஆர்மோனியம் வாசிப்பீங்கள்ல?"

அப்போது சொல்லியிருக்கலாம். தேர்வுக்கு மட்டும் ஜோடி மாற்றப் பதினைந்து நாள் முன்னால் எழுதிக் கொடுத்தால் போதும் என்ற விதியும் அதே பலகையில் இருந்தது. அதையும் நான்தான் மொழிபெயர்த்திருந்தேன். தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது.

"ம்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பெரிய பொய்க்கு ஒரே ஓர் எழுத்துதான் செலவானது.

எங்கள் கோயில் சாமான் அறையில் பழைய ஆர்மோனியம் ஒன்று இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஐந்தரைக் கட்டைக்கு ஏழு சுரம், அதில் நான்கு கறுப்பு. எது எது என்று விரலுக்கு மறந்துபோகாமல் இருக்க, கடையில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை வாங்கி அந்தக் கீகளில் மட்டும் ஒட்டினேன்.

அம்மா வியாகுலம்மாள் எட்டிப் பார்த்தார். "ஏன்டி, ஆர்மோனியத்துக்கு அம்மை போட்டிருக்கா?"

"பழகுறதுக்கும்மா."

"பத்து வருசமா கோயில்ல வாசிக்கிறவளுக்கு இம்புட்டுப் பொட்டு எதுக்கு?"

அதற்கும் சிரித்தேன். அம்மாவிடம் அந்தச் சிரிப்பு செல்லாது. "சிரிக்கிறா பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து வாரம் காலையும் மாலையும் வாசித்தேன். நான்காவது வாரம் 'நட காலே'யை முழுவதும் வாசிக்க வந்துவிட்டது. ஐந்தரையில் மட்டும். பொட்டு இருந்தால் மட்டும். பெரிய வித்வானாகிவிட்ட மிதப்பில் கறுப்புக் கீயில் ஒன்றிரண்டு தேவையில்லாத அலங்காரம்கூடச் சேர்த்தேன்.

தேர்வு நாளன்று எட்டரைக்கே போனேன். தேர்வு எண் பட்டியலை ஒட்டும் வேலை எனக்கு இருந்தது. அந்தச் சாக்கில் ஹாலுக்குள் நுழைந்து, மேடை ஆர்மோனியத்தில் ஏழு ஏழாக மூன்று ஸ்தாயிக்கும் பொட்டு ஒட்டி, மேலே துணியை மூடிவிட்டு வெளியே வந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. நாங்கள் நான்காவது ஜோடி, முன்னால் மூன்றும் மிருதங்க ஜோடிகள், ஆர்மோனியத்தைத் தொட மாட்டார்கள்.

பத்து மணிக்கு அக்கா வந்தார். புதுப் புடவை, கழுத்தைச் சுற்றி மஃப்ளர். ஏப்ரல் மாதம், திண்டுக்கல்லில், மஃப்ளர்.

"தொண்டை கட்டிப்போச்சுங்க அம்மிணி" என்றார். குரல் சாக்கை இழுத்ததுபோல் வந்தது. "முந்தாநாள் லோடு மாறி ஏறிருச்சு. கிளம்பின லாரியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன், அதோட போச்சு. மிளகுக் கசாயம் குடிச்சுப் பாத்துட்டேன். ஐந்தரைக்கு ஏற மாட்டேங்குது. நாலரையில நின்னுக்குது. காலையில வீட்டுல பாடிப் பாத்தேன், நாலரையில ஒரு பிசிறும் இல்லை. நீங்க நாலரையில வாசிச்சுருங்க."

ஏதோ 'கொஞ்சம் தள்ளி உட்காருங்க' என்பதுபோலச் சொன்னார். அவருக்கென்ன தெரியும்? இரண்டு வருடமாக அவர் எந்தக் கட்டையில் பாடினாலும் நான் மறுபேச்சில்லாமல் வாசித்தவள்.

உள்ளே முதல் ஜோடி தொடங்கிவிட்டது. மணியைப் பார்த்தேன், அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன், வேலிக்கு அப்பால் ஆடுகளைப் பார்த்தேன். ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

"அக்கா, எனக்கு நாலரை வராது."

"வராதுன்னா?"

"ஐந்தரை மட்டும்தான் பழகியிருக்கேன். இந்த அஞ்சு வாரமா."

"அப்ப ரெண்டு வருசமா வாசிச்சது?"

"அது பட்டன்."

அவருக்குப் புரியவில்லை. பட்டன் என்ன செய்யும், நான் என்ன செய்வேன் என்று முழுவதும் சொன்னேன். நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல்முறை. கேட்டுக்கொண்டே இருந்தவர் மஃப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேற ஆரையாவது கூப்பிட்டுக்கலாமுங்களா?"

"ஜோடி மாத்தப் பதினஞ்சு நாளுக்கு முன்னாடியே எழுதிக் குடுக்கணும்க்கா."

"அதையும் நீங்கதான் எழுதி ஒட்டினீங்களாட்டம்."

"ஆமாக்கா."

மடியில் இருந்த மஃப்ளரை நான்காக மடித்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"கூடைக்கு அடியில சொத்தையைப் போட்டு, மேல நாலு நல்ல தக்காளியைப் பரப்பிக் கொண்டாருவாங்க. பதினேழு வருசமா அந்த மாதிரி ஆளுங்களத்தான் பாத்துட்டு இருக்கேன். கையை வெச்சாத் தெரிஞ்சுரும். உங்ககிட்ட ஏமாந்துபோட்டேன் பாருங்க."

இந்த முறை சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது ஜோடியின் பெயரை இஷாக் சார் கூப்பிட்டார். அக்கா எழுந்து குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்தார். மார்க்கெட்டில் அழுகிய லோடு வந்துவிட்டால் அழுதுகொண்டு இருக்க மாட்டார்கள், எதை எடுக்கலாம் என்று பார்ப்பார்கள். அந்த முகத்தோடு வந்தார்.

"நாலரைக்கு 'ச' எது, 'ப' எதுன்னாவது தெரியுமுங்களா?"

"தெரியும்க்கா. ரெண்டும் கறுப்பு."

"அது ரெண்டையும் அமுக்கிப் பிடிச்சுட்டு உக்காந்துக்குங்க. நான் எறங்கற வரைக்கும் விரலை எடுக்காதீங்க. வேற எதையும் தொடாதீங்க. சுருதி இருந்தாப் போதும், நான் பாடிக்கறேன்."

"சரிக்கா."

"உங்க மார்க்கு?"

"போகட்டும்க்கா."

இதைத் தியாகம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு வேறு வழி இருந்திருந்தால் அந்த வழியில்தான் போயிருப்பேன்.

உள்ளே மூன்று தேர்வாளர்கள். நடுவில் இருந்தவர் வெளியூரிலிருந்து வந்த ஓர் அம்மா, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தார். துணியை எடுத்தேன். பொட்டுகள் சிவப்பாகச் சிரித்தன. எனக்கு வேண்டிய இரண்டு கீயில் ஒன்றில் பொட்டு இருந்தது, ஒன்றில் இல்லை. இடது கையால் துருத்தியை அசைத்து, வலது கை விரல் இரண்டையும் அழுத்தினேன். ஆர்மோனியம் ஒரே குரலில் முனகியது.

அக்கா முதலில் ஒரு கும்மி பாடினார். கட்டிப்போன குரல் நாலரையில் கெட்டியாக நின்றது. ஐந்தரையில் கணீரென்று இருந்தது இங்கே ஈரமண்போல் கனத்தது. பின்னால் வாத்தியம் எதுவும் துரத்தாததாலோ என்னவோ ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. இரண்டு வருடமாக என் வாசிப்பு அந்தக் குரலுக்குத் துணையாக இருந்ததா, குறுக்கே நின்றதா என்று எனக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது.

அடுத்து வழிநடைப் பாட்டு.

"கல்லு குத்தினா என்ன, நட காலே, நட."

பாடிவிட்டு நின்றார். வழக்கமாக நான் திருப்பி வாசிக்கும் இடம். நான் இரண்டு விரலையும் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு எதையும் தொடாதே என்று அவர்தானே சொன்னார்.

அக்கா அடுத்த அடிக்குப் போகவில்லை. முழங்காலில் தாளம் தட்டிக்கொண்டே இருந்தார். தட்டினாரே தவிர, வாய் திறக்கவில்லை. அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பதில் வராமல் அந்தப் பாட்டு அவருக்கு நகராது, அவ்வளவுதான். தேர்வாளர் அம்மா பேனாவைக் கையில் எடுத்தார். அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

கை போனால் வாய் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"கல்லு குத்தினா என்ன, நட காலே, நட" என்றேன். பாடினேன் என்று சொல்ல மாட்டேன். கோயிலில்கூட மற்றவர்களைப் பாடவைத்துத்தான் எனக்குப் பழக்கம்.

கதவோரம் வருகைப் பதிவேட்டோடு நின்ற இஷாக் சார், சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தார்: 'சத்தமா!'

"வெயிலு சுட்டா என்ன, நட காலே, நட" என்றார் அக்கா.

சத்தமாகத் திருப்பினேன். சுருதி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மூன்றாவது அடியில் கொஞ்சம் கிட்டே வந்தேன். ஐந்தாவது அடியில் என் குரலை நானே கேட்டேன், அவ்வளவு மோசமில்லை. எட்டாவது அடியில் தேர்வாளர் அம்மாவின் பேனா மேசையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தது. அவருக்கே தெரிந்திருக்காது.

பாட்டு முடிந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆர்மோனியத்துல ஒண்ணுமே வாசிக்கலையே நீங்க. இப்ப ஒரு சரணம் வாசிச்சுக் காட்டுங்க."

"வராது மேடம்."

"என்ன வராது?"

"இந்தக் கட்டை வராது."

"எந்தக் கட்டை வரும்?"

"ஒண்ணு. அப்புறம் ஐந்தரை, கொஞ்சம்."

எழுந்து வந்து ஆர்மோனியத்தைக் குனிந்து பார்த்தார். "இது என்ன சிவப்பா?"

"பொட்டு மேடம்."

"யார் வெச்சது?"

"நான்தான்."

அவர் ஒரு பொட்டை நகத்தால் நிமிண்டி எடுத்தார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மதிப்பெண் தாளின் ஓரத்தில் ஒட்டினார். என் பெயருக்கு நேராக இருந்த ஓரம் அது. "போகலாம்" என்றார்.

வெளியே வந்ததும் அக்கா மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். நான் பின்னால் போகவில்லை. உள்ளே போய் இருபத்தொரு பொட்டில் மிச்சமிருந்த இருபதையும் உரித்தேன். அடுத்த ஜோடி காத்திருந்தது.

மே மாதக் கடைசியில் முடிவு வந்தது. இஷாக் சார் கூப்பிட்டுக் கையில் ஆங்கிலத் தாளைக் கொடுத்தார். வழக்கம்போல டீயும் வந்தது. அன்றைக்கு மட்டும் கூட ஒரு வடை.

"எழுதிரும்மா. உன் மனசுக்குக் கஷ்டமா இருந்தா நானே எழுதிக்கிறேன். ஆனா என் தமிழ் உனக்குத் தெரியும்ல."

நானே எழுதினேன். நாட்டுப்புற இசைப் பட்டயம், தேர்ச்சி பெற்றவர்கள்: அதில் பழனியம்மாள், முதல் வகுப்பு. பக்கவாத்தியத் தாளில் தேர்ச்சி பெறாதோர்: அதில் ஒரே ஓர் எண். ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. இரண்டு மொழியிலும் ஃபெயிலானவள் எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான். கோணல் இல்லாமல் நேராக ஒட்டினேன்.

அக்காவுக்கு போன் செய்தேன். "மக தேவா கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லிட்டாளுங்க" என்றார். "அப்பச் சரி" என்று வைத்துவிட்டார். அவருக்கு என்மேல் கோபம் தீரவில்லை, தீர வேண்டும் என்று கேட்கும் முகமும் எனக்கு இல்லை.

ஜூன் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அம்மா போய்ப் பார்த்துவிட்டு, "யாரோ ஒட்டன்சத்திரத்து டீச்சராம்டி" என்றார்.

அக்காதான். காலில் புதுச் செருப்பு, தோளில் கைப்பை. இரண்டு கையாலும் பிடித்தபடி ஒரு கூடைத் தக்காளி. இரண்டு வருடத்தில் ஒரு தக்காளிகூடக் கொண்டுவராதவர். நடையில் வைத்துவிட்டு, அம்மா போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் நாற்காலியின் கையை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"வேலை எப்படிக்கா?"

"ஒண்ணாப்புப் பிள்ளைங்க திருப்பிச் சொல்லவே மாட்டேங்குதுங்க. நானும் விடலை. முந்தாநாள் அரை மணி நேரம் நின்னேன். கடைசில ஒரு புள்ளை, 'டீச்சர், உங்களுக்கு மறந்துபோச்சா?'ன்னு கேக்குது." சிரித்தார். பிறகு கூடையைக் காட்டினார். "கொட்டிப் பாருங்க."

"எதுக்குக்கா, நல்லாத்தானே இருக்கு?"

"அடியில பாக்காம வாங்கக் கூடாதுங்க அம்மிணி."

அம்மா முறத்தை எடுத்து வந்து கொட்டினார். அடிவரைக்கும் ஒரே அளவு, ஒரே சிவப்பு, ஒன்றில்கூடக் கீறல் இல்லை. நான் ஒவ்வொன்றாகத் திரும்பக் கூடையில் அடுக்கினேன். முகத்தை மறைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது.

நவம்பரில் எனக்கு மறுதேர்வு. ஜோடி இல்லாமல் தேர்வு இல்லை என்ற விதி வாசிக்கிறவர்களுக்கும் உண்டு, எனக்கும் பாட ஒருவர் வேண்டும். கேட்பதா வேண்டாமா என்று அரை மணி நேரம் யோசித்து, கடைசியில் அவர் செருப்பை மாட்டும்போதுதான் கேட்டேன்.

"பாட வர்றனுங்க" என்றார் உடனே. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஆனா எந்தக் கட்டைன்னு அன்னைக்குக் காலையிலதான் சொல்லுவேன்."

இப்போது நாலரைக் கட்டை ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒன்பது கட்டை பாக்கி. பொட்டு அட்டை தீர்ந்துவிட்டது. இனி வாங்கித் தர மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார்.